மூன்று இரவு தனிமை: போவதற்கு முன்னும் வந்த பின்னும்

கேள்வி இது: வேலை, போன், வீட்டுப் பேச்சு எல்லாவற்றையும் சில நாள் ஒதுக்கிவிட்டு, காட்டுப் பக்கமோ மலைப் பக்கமோ தனியாக, மௌனமாக இருந்துவிட்டு வர ஆசை. எத்தனை நாள் போதும்? என்ன ஏற்பாடு வேண்டும்? அங்கே உட்கார்ந்து என்னதான் செய்வது? இதனால் உள்ளுக்குள் உண்மையிலேயே ஏதாவது மாறுமா?

மாறும். ஆனால் பலரும் எதிர்பார்க்கிற இடத்தில் மாறாது. அங்கே இருக்கும் நாட்களில் பெரிதாக எதுவும் புலப்படாமலே போகலாம். திரும்பி வந்த பிறகு முதல் ஒரு மாதத்தை எப்படி நடத்துகிறீர்கள் என்பதை வைத்துத்தான் அந்தப் பலன் நிலைப்பதும் கரைவதும். 1909-இல் அர்னால்ட் வான் ஜெனெப் என்ற மானுடவியலாளர், பல சமூகங்களின் வாழ்க்கைச் சடங்குகளை ஒப்பிட்டு, அவற்றில் மூன்று கட்டங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார்: பிரிவது, இடையில் நிற்பது, மறுபடி சேர்வது. இன்று தனிமைப் பயணம் போகிறவர்கள் நடுக் கட்டத்துக்கு மட்டும் திட்டம் போடுகிறார்கள். எந்த இடம், எந்தக் கூடாரம், எந்தப் பை என்று வாரக்கணக்கில் யோசிப்பார்கள். எப்படிப் பிரிவது, எப்படிச் சேர்வது என்பதற்கு அரை மணி நேரம்கூட ஒதுக்க மாட்டார்கள். கோளாறுகளில் பெரும்பகுதி அந்த இரண்டு முனையில்தான் கிளம்புகிறது.

முதல் தடவைக்கு மூன்று இரவு சரியான அளவு. ஓர் இரவு என்றால் ஓய்வு மட்டும்தான் கிடைக்கும். ஏழெட்டு நாள் என்றால், ஏதாவது தவறினால் சமாளிக்கும் அனுபவம் இருக்காது. முதல் நாள் பெரும்பாலும் தூக்கத்திலேயே போய்விடும். மாதக்கணக்கில் சேர்ந்த களைப்பு இறங்குகிறது, தடுக்க வேண்டாம். இரண்டாம் நாள்தான் கடினம். கையில் போன் இல்லை, பேச ஆள் இல்லை, நேரம் பார்த்தால் இன்னும் காலை பத்துதான் ஆகியிருக்கும். 2014-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமதி வில்சன் குழு ஒரு சோதனை நடத்தியது. ஆட்களை வெற்று அறையில் 15 நிமிடம் தனியாக உட்காரவைத்து, விருப்பப்பட்டால் அழுத்திக்கொள்ள ஒரு ஷாக் பொத்தானையும் பக்கத்தில் வைத்தார்கள். 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் குறைந்தது ஒரு தடவையாவது தங்களுக்குத் தாங்களே ஷாக் கொடுத்துக்கொண்டார்கள். அந்த ஷாக்கைத் தவிர்க்கக் காசு கொடுக்கவும் தயார் என்று சற்று முன்புதான் அவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆகவே இரண்டாம் நாள் மதியம் "கிளம்பிவிடலாம்" என்று தோன்றினால் உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. மனம் வழக்கமான தீனியைக் கேட்கிறது. அந்த நேரத்தில் கிளம்புகிறவர்கள் அடுத்த நாள் கிடைக்கவிருந்ததைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

மூன்றாம், நான்காம் நாளில் ஏதோ தெளிகிறது என்பதற்கு ஓரளவு சான்றும் உண்டு. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், மின்சாதனம் எதுவும் இல்லாமல் காட்டில் நடைப்பயணம் போன 56 பேர் பங்கேற்றார்கள். நான்காம் நாள் தேர்வு எழுதியவர்கள், கிளம்பும் முன் எழுதியவர்களைவிட, படைப்புத்திறன் கணக்குகளில் 50 சதவீதம் கூடுதலாக எடுத்தார்கள். காடு செய்த வேலையா, போன் இல்லாதது செய்த வேலையா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நமக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கிறது. எஸ்.என். கோயங்கா பரப்பிய விபாசனா என்ற மௌன தியான முறையின் பத்து நாள் முகாமைப் பாருங்கள். காலை 4 மணிக்கு எழுப்பி, ஒரு நாளில் சுமார் பத்து மணி நேரம் உட்காரவைக்கிற அந்தக் கட்டுப்பாடான முறையிலும், முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். நான்காம் நாள்தான் விபாசனாவையே கற்றுத்தருவார்கள். மனம் படிய அவ்வளவு நாள் பிடிக்கும் என்பதை அனுபவசாலிகள் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் வகுத்திருக்கிறார்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: மௌனமும் புதிது, கூடாரமும் புதிது என்றால் இரண்டையும் ஒரே பயணத்தில் செய்யாதீர்கள். மௌனத்தில் இருந்து பழக்கமில்லாதவர்கள் முதலில் ஒரு தியான முகாமிலோ, சமையலும் கூரையும் உள்ள ஒரு விடுதியிலோ இருந்து பாருங்கள். வெளியில் தங்கிப் பழக்கமில்லாதவர்கள், தெரிந்தவர் ஒருவரோடு ஓர் இரவு கூடாரத்தில் கழித்துப் பாருங்கள். முகாம் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: சேரும் முன் உடல்நலம், மனநலம் பற்றிப் படிவம் வாங்குகிறார்களா? நடுவில் கிளம்ப வேண்டுமென்றால் என்ன நடைமுறை? வீட்டில் அவசரம் என்றால் செய்தி எப்படி வந்து சேரும்? இந்த மூன்றுக்கும் நேரான பதில் தராத இடத்துக்கு, ஆசிரியர் எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும், போகாதீர்கள். கிளம்ப நினைப்பவரை "உன் அகங்காரம்தான் ஓடச் சொல்கிறது" என்று மடக்கும் இடமும் வேண்டாம்.

தயாரிப்பு பத்து நாள் முன்பே தொடங்க வேண்டும். அதில் எல்லோரும் கோட்டைவிடுவது காபி, டீயில். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். ஒன்றரை நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும். ஒரு வாரம் வரைகூட நீடிக்கலாம். எரிச்சல், சோர்வு, கவனமின்மை எல்லாம் கூடவே வரும். அதாவது, சரியாக உங்கள் இரண்டாம் நாள். "மனசு எதிர்க்கிறது, பழைய காயங்கள் மேலே வருகின்றன" என்று எத்தனையோ பேர் நினைத்துக்கொள்வது வெறும் கஃபீன் விலகல்தான். இரண்டு நாளுக்கு ஒரு முறை அரை கப் குறைத்துக்கொண்டே வாருங்கள். முடியாவிட்டால் அங்கேயும் ஒரு வேளை குடித்துக்கொள்ளுங்கள், அதில் தவறே இல்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை, குறிப்பாக மனநல மாத்திரைகளை, "சுத்தமாக இருக்கணும்" என்று நிறுத்தவே கூடாது. விலகல் விளைவும் தனிமையும் சேர்ந்தால் விபரீதமாகிவிடும்.

இன்னொன்று, கிளம்பும் முன் இரண்டு பேரிடம் ஒரு தாள் எழுதிக் கொடுப்பது. எங்கே தங்குகிறீர்கள், எந்த வழியில் போகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குள் போன் செய்வீர்கள், அந்த மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். "ஞாயிறு வந்துடுவேன்" என்று வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது. ஞாயிறு மாலை ஆறு மணியா, இரவு பத்து மணியா என்று தெரியாததால் தேடுதல் ஒரு முழு இரவு தாமதமாகிவிடும்.

கலிஃபோர்னியாவில் ஸ்டீவன் ஃபாஸ்டரும் மெரிடித் லிட்டிலும் வளர்த்தெடுத்த வனத் தனிமைப் பயிற்சியில், இதற்கு ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்க முடியாத தூரத்தில் தனித்தனியாகத் தங்குவார்கள். நடுவே, இருவரும் ஒத்துக்கொண்ட இடத்தில், கற்குவியல் ஒன்று இருக்கும். ஒருவர் காலையில் வந்து ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார். மற்றவர் மாலையில் வந்து அதைப் பார்த்துவிட்டுத் தன் கல்லை வைப்பார். சந்திப்பு இல்லை, பேச்சு இல்லை. ஆனால் மற்றவர் வைத்திருக்க வேண்டிய கல் அங்கே இல்லையென்றால் உடனே அவரைத் தேடிப் போக வேண்டும். தனிமையும் கெடாமல் பாதுகாப்பும் கெடாமல் இருப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒத்த மனமுள்ள நண்பர் ஒருவர் இருந்தால் இப்படியே செய்யுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, தொலைவும் உயரமும் ஆழமான அனுபவத்தைத் தரும் என்பது தவறான நம்பிக்கை. சாலையிலிருந்து ஒன்றிரண்டு மணி நேர நடையில் எட்டுகிற இடம் போதும். நடைக் கணக்குக்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் உதவும்: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அது பழகிய கால்களுக்கான கணக்கு. முதுகில் சுமையும் இருந்தால் ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே கூடாரம் போட்டு முடித்திருக்க வேண்டும். வனத்துறை அனுமதி தேவைப்படும் பகுதி என்றால் அனுமதியோடுதான் போக வேண்டும். ஒளிந்து தங்குகிறவருக்கு ஒவ்வொரு சருகுச் சத்தமும் பதற்றம்தான், அங்கே என்ன மௌனம் கூடும்?

கூடாரம் போடும் முன் முதலில் மேலே பாருங்கள்: பட்ட கிளை தொங்கும் மரத்தடி ஆகாது. பிறகு கீழே பாருங்கள்: மணல் படிந்த வறண்ட ஓடை எவ்வளவு சமமாக இருந்தாலும் படுக்காதீர்கள். மேலே எங்கோ பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும். நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளித் தங்குங்கள். மலம் கழிக்கவும் அதே தூரம், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி, முடித்ததும் மண்ணால் மூடுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர் தேவை. ஓடை நீரானால் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம், 2000 மீட்டர் உயரத்துக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். குளோரின் மாத்திரை கையில் இருப்பது நல்லதுதான், ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில கிருமிகளை அது கொல்லாது. கொதிக்கவைப்பதுதான் உறுதியான வழி.

உயிருக்கு உண்மையான ஆபத்து பெரும்பாலும் மிருகங்களால் வருவதில்லை. மழையும் காற்றும் மின்னலும்தான். வெப்பநிலை 10 டிகிரி இருந்தாலும், நனைந்த உடையில் காற்று அடித்தால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பருத்தி உடை நனைந்தால் சீக்கிரம் காயாது. ஆகவே கம்பளி அல்லது செயற்கை இழையில் ஒரு மாற்றுடையைத் தண்ணீர் புகாத பையில் தனியாக வையுங்கள். தூங்குவதற்கு மட்டும்தான் அது. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் முகடு, திறந்த வெளி, தனி மரம் எல்லாவற்றையும் விட்டு இறங்குங்கள். கட்டடமோ மூடிய வண்டியோ பக்கத்தில் இருந்தால் அதற்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். வழி தவறினால் நடப்பதை நிறுத்திவிட்டு அங்கேயே இருப்பதுதான் உத்தமம். விசில் ஒன்றைக் கழுத்திலேயே கட்டிக்கொள்ளுங்கள். மூன்று மூன்றாக ஊதினால் உதவி கேட்கும் அடையாளம். போனை அணைத்து, ஒட்டுநாடா போட்ட உறையில் மூடி வையுங்கள். பிரித்தால்தான் எடுக்க முடியும் என்ற அந்தச் சின்னத் தடையே கை தானாகப் போவதைத் தடுக்கும். நெட்வொர்க் சுத்தமாக எட்டாத இடம் என்றால் செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள்.

இனி, அங்கே என்ன செய்வது? கூடிய வரை குறைவாக. மணிக்கு மணி அட்டவணை போட்டால் அலுவலகத்தையே காட்டுக்குக் கொண்டுபோனதாகிவிடும். ஒன்றுமே இல்லாமல் விட்டாலும் பழைய கவலைகளை அசைபோடுவதிலேயே நாள் கழியும். இரண்டு நங்கூரம் போதும்: விடியலில் ஒரு முறை, அந்தியில் ஒரு முறை, ஒரே இடத்தில் 40 நிமிடம் அசையாமல் உட்காருவது. இடம் மாறக் கூடாது, அதுதான் இதன் உயிர். நீங்கள் வந்து உட்கார்ந்ததும் அக்கம்பக்கத்துப் பறவைகள் எச்சரிக்கைக் குரல் கொடுத்துவிட்டு அடங்கிவிடும். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. பத்து, இருபது நிமிடத்தில் ஒரு குரல் தொடங்கும், பிறகு இன்னொன்று. தரையில் சருகு கிளறும் குருவி முதலில் தூரத்தில் தெரியும், அப்புறம் பக்கத்துப் புதருக்கு வரும். எறும்பு வரிசை உங்கள் காலைச் சுற்றி வழியை மாற்றிக்கொண்டிருப்பது அப்போதுதான் கண்ணில் படும். இடையில் ஒரு முறை இருமினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மூன்றாம் நாள் அதே இடத்தில் உட்காரும்போது பறவைகள் திரும்ப எடுக்கும் நேரம் குறைந்திருப்பதைக் கவனியுங்கள். நீங்கள் வந்து உட்காரும் விதம் மாறியிருக்கும்.

உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிட உயர்ந்திருக்க வேண்டும். 10, 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மடித்த போர்வை போதும். கால் மரத்துப்போவது பரவாயில்லை. முழங்காலுக்குள் குத்துகிற வலி வந்தால், எழுந்த பிறகும் அது நீடித்தால், சம்மணத்தை விட்டுவிட்டுக் கல் மேலோ கட்டை மேலோ உட்காருங்கள். வலியைத் தாங்குவது ஞானம் ஆகாது.

நடுப்பகலில் மெதுவான நடை. 1982-இல் ஜப்பானிய வனத்துறை பெயர் கொடுத்துப் பரப்பிய காட்டுக் குளியல் முறையில் இரண்டு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்ட மாட்டார்கள். நடப்பது, நிற்பது, தொடுவது, முகர்வது, அவ்வளவுதான். 2015-இல் வந்த ஓர் ஆய்வில், 90 நிமிடம் இயற்கைச் சூழலில் நடந்தவர்களுக்கு மனம் பழையதையே அரைக்கும் பழக்கம் குறைந்திருந்தது. பரபரப்பான சாலையோரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை.

வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கத்தானே வந்தோம் என்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது நைக்கான். ஜப்பானைச் சேர்ந்த யோஷிமோட்டோ இஷின் உருவாக்கிய முறை அது. ஒருவரை எடுத்துக்கொள்ள வேண்டும், வழக்கமாக அம்மாவில் தொடங்குவார்கள். உங்கள் வயதைச் சில ஆண்டுகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்றே கேள்வி: அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது என்ன? நான் அவருக்குக் கொடுத்தது என்ன? நான் அவருக்குக் கொடுத்த தொந்தரவு என்ன? "அவர் எனக்குக் கொடுத்த தொந்தரவு என்ன" என்ற நான்காவது கேள்வி வேண்டுமென்றே இல்லை. அதைத்தான் வருடம் முழுக்க யோசிக்கிறோம். பதிலில் "அம்மா பாசமாக இருந்தாள்" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த நாள், எந்தச் சட்டை, யார் தைத்தது என்ற அளவுக்கு இறங்க வேண்டும். அங்கேதான் மனம் உடைகிறது. ஒரு நாளைக்கு ஒருவர் போதும், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உங்களைக் கொடுமைப்படுத்திய ஒருவரை வைத்து இதைத் தனியாகச் செய்யவே செய்யாதீர்கள். அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி ஏதாவது சுமந்து போவதாக இருந்தால், அதைக் கிளம்பும் முன்பே ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "நான் ஏன் இப்படி இருக்கிறேன்" என்ற வகைக் கேள்வி சுழலில்தான் மாட்டும். "அடுத்த ஆறு மாதத்தில் எதை விடலாம்" என்ற கேள்விக்கு விடை வர வாய்ப்புண்டு. அங்கே போன பிறகு அதை விரட்டாதீர்கள். மாலையில் கால் மணி நேரம் மட்டும் குறிப்பேட்டில் எழுதுங்கள். நாள் முழுக்க எழுதிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு பேச்சுதான்.

உபவாசம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். முதல் பயணத்தில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெறும் வயிற்றில் இரண்டாம் நாள் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். அது பாறை விளிம்பாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சர்க்கரை நோய், கர்ப்பம், உணவுக் கோளாறு உள்ளவர்களும், தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பயணத்திலும் செய்யக் கூடாது. எளிய உணவு, இரண்டு வேளை, ஒரே மாதிரி. பலனில் எதுவும் குறையாது.

மனம் எல்லை மீறுவது அபூர்வம், ஆனால் நடக்கிறது. தியானத்தால் வரும் சிக்கல்களைப் பற்றி ஜாரெட் லிண்டாலும் வில்லோபி பிரிட்டனும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள தியானிகளிடமும் பயம், தூக்கமின்மை, தான் என்ற உணர்வே குலைவது போன்றவை பதிவாகியிருக்கின்றன. அழுகை வருவது, பழைய நினைவு வருவது, கோபம் வருவது எல்லாம் சாதாரணம். இரண்டு இரவு தொடர்ந்து தூக்கம் வராமலே உற்சாகமாக இருப்பது, எண்ணங்கள் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடுவது, எல்லாமே தனக்கான ரகசியச் செய்தியாகத் தோன்றுவது, குரல் கேட்பது ஆகியவை சாதாரணம் அல்ல. அதை ஞானோதயம் என்று நினைத்து உள்ளே போகப் போகத்தான் மோசமாகும். உடனே தியானத்தை நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து வையுங்கள், வயிறு நிறையச் சாப்பிடுங்கள், விறகு பொறுக்குவது மாதிரிக் கைவேலை செய்யுங்கள், பகல் வெளிச்சத்தில் இறங்கி ஓர் ஆளோடு பேசுங்கள். மருத்துவரையும் பாருங்கள். மனச்சிதைவோ இருதுருவக் கோளாறோ தனக்கோ நெருங்கிய ரத்த உறவிலோ இருந்தவர்களும், அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்களும் தனியாகப் போக வேண்டாம். அவர்களுக்கு நண்பரோடு பகல் நேர நடையே நிறையத் தரும்.

கடைசியாக, திரும்பி வருவது. வந்த மறுநாளே வேலைக்குப் போவதாக டிக்கெட் போடாதீர்கள். இடையில் ஒரு முழு நாள் வேண்டும். அந்த நாளில் போனைத் திறந்து அவசரமானவற்றை மட்டும் பாருங்கள், மீதி மறுநாள். வீட்டில் "எப்படி இருந்துச்சு" என்று கேட்பார்கள். முழுக்கதையும் எல்லோரிடமும் கொட்டினால் நாலாவது ஆளிடம் சொல்லும்போது அது மனப்பாடமாகிவிடும். நிதானமாகக் கேட்கக்கூடிய ஒருவரிடம் ஒரு முறை சொல்லுங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் வீட்டுச் சுமையைத் தூக்கியவர்களுக்கு முதலில் காது கொடுங்கள். அவர்கள் களைத்திருப்பார்கள், நீங்கள் தெளிவோடு வந்து நிற்பீர்கள், சண்டை வர அதுவே போதும். வேலையை விடுவது, உறவை முறிப்பது, பெரிய தொகை கொடுப்பது போன்ற முடிவுகளைத் தாளில் எழுதித் தேதி போட்டு வைத்துவிட்டு, நான்கு வாரம் கழித்துப் பிரியுங்கள். அப்போதும் சரியாகப் பட்டால் செய்யுங்கள்.

பழக்கம் ஒன்றே ஒன்று போதும், அதுவும் சிறிதாக. 2019-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தகவல்களை வைத்துச் செய்த ஆய்வில், வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள் உடலும் மனமும் நலமாக இருப்பதாகச் சொல்வது கூடுதலாக இருந்தது. அந்த 120 நிமிடம் ஒரே நாளிலா, துண்டு துண்டாகவா என்பதில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியையோ குளக்கரையையோ தேர்ந்துகொண்டு, வாரம் மூன்று தடவை 40 நிமிடம் அதே இடத்தில் உட்காருங்கள். அந்த மூன்று நேரத்தையும் பயணம் கிளம்பும் முன்பே, திரும்பி வரும் வாரத்திலிருந்து தொடங்கி நான்கு வாரத்துக்கு, காலண்டரில் குறித்துவிடுங்கள். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த இடத்தை வேறு வேலை பிடித்துக்கொள்ளும்.